அளவெடுத்துத் தைத்த ஆறுதல் கிடைக்குமா?

‘மனச்சோர்வுக்கு கவுன்சலிங் போகச் சொல்கிறார்கள். ஒருவர் உட்கார்ந்து பேசினாலே போதும் என்கிறார். இன்னொருவர் படம் வரையச் சொல்கிறார். மூன்றாமவர் இசை சிகிச்சை என்கிறார். செல்போன் செயலி ஒன்றோ சில கேள்விகளைக் கேட்டுவிட்டு, உங்களுக்கே உரிய சிகிச்சை தயார் என்கிறது. எதை நம்புவது?’ என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

செயலியை நம்பவேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஏன் என்பதில்தான் சுவாரசியம்.

பழைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பேச்சு சிகிச்சைகள் தங்களுக்குள் எவ்வளவுதான் சண்டை போட்டாலும், பலன் என்னவோ ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1936லேயே எழுதினார் அமெரிக்க உளவியலாளர் சால் ரோசன்ஸ்வைக். அப்படியானால் ஆளுக்கேற்ற சிகிச்சையைக் கொடுத்தால் பலன் கூடுமே என்று மற்றவர்கள் யோசித்தார்கள். அதைச் சோதிக்க 1989இல் அமெரிக்க அரசின் நிதியில் ‘புராஜெக்ட் மேட்ச்’ தொடங்கியது. குடிநோயாளிகள் 1,726 பேர், மூன்று வகை சிகிச்சை. யாருக்கு எது பொருந்தும் என்ற கணிப்புகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டார்கள். 1997இல் முடிவு வந்தது. மூன்று பிரிவினருமே நன்றாகத் தேறியிருந்தார்கள். பொருத்தம் பார்த்த கணிப்புகளில் பெரும்பாலானவை பொய்த்துப்போயின. கல்யாணப் பொருத்தம் பார்ப்பவர்களே தேவலை!

ஆக, அந்தச் செயலியைப்போல முதல் நாள் அளவெடுப்பதில் பெரிய சூட்சுமம் இல்லை. பிறகு எங்கே இருக்கிறது? டெய்லரைக் கேளுங்கள். நல்ல டெய்லர் தன் டேப்பையே முழுதாக நம்புவதில்லை. ரவிக்கையின் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்பார். போட்டுப் பார்த்துக் கைக்குழி பிடிக்கிறது என்றால் பிரித்து விடுவார்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மைக்கேல் லாம்பர்ட் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான். ஒவ்வொரு அமர்வுக்கும் முன்பு, காத்திருக்கும் இடத்திலேயே ஒரு படிவம். 45 கேள்விகள்: தூக்கம், சலிப்பு, வீட்டுச் சண்டை, வேலையில் ஈடுபாடு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 180. கூடினால் மோசம். இதே மதிப்பெண்ணோடு சிகிச்சையைத் தொடங்கிய பழைய நோயாளிகள் வாரா வாரம் எப்படி இறங்கினார்கள் என்ற கோடு கணினியில் இருக்கிறது. முதலில் சரசரவென இறங்கி, பிறகு தட்டையாகும் வளைவு அது. உங்கள் புள்ளி அந்தக் கோட்டை ஒட்டி விழுந்தால் சிகிச்சையாளருக்குப் பச்சை. விலகினால் மஞ்சள். ரொம்பவே விலகினால் சிவப்பு: இதே பாதையில் போனால் இவர் பாதியில் நின்றுவிடலாம், இன்னும் மோசமாகலாம் என்று அர்த்தம்.

இதற்கு ஒரு கணினி எதற்கு, அனுபவமுள்ளவருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியாதா? தெரியாது. 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில் லாம்பர்ட் குழு சிகிச்சையாளர்களைக் கணிக்கச் சொன்னது. நூற்றுக்கு எட்டுப் பேர் மோசமாவது வழக்கம் என்று முன்பே சொல்லியும், 550 பேரில் மூன்று பேர்தான் மோசமாவார்கள் என்றார்கள். மோசமானவர்கள் 40 பேர். சொன்ன மூவரில் ஒருவர்தான் சரி. ஓவர்லாக் அடித்து, துணியை ஒட்ட வெட்டிவிட்டு, ‘உங்க உடம்புதான்மா பெருத்துப்போச்சு’ என்கிற டெய்லர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு.

படிவமும் சர்வரோக நிவாரணி அல்ல. இத்தகைய படிவங்களால் பலன் உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2016இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கை விரித்தது. சிவப்பைப் பார்த்த பிறகும் சிகிச்சையாளர் பழைய பாட்டையே பாடினால், விளக்கு எரிந்து என்ன பயன்?

படம், இசை விஷயத்திலும் போகப் போகத் திருத்திக்கொள்வதுதான் முக்கியம் போலிருக்கிறது. பிரிட்டனில் மனச்சிதைவு நோயாளிகள் 417 பேரிடம் நடந்த ‘மேட்டிஸ்’ ஆய்வில், குலுக்கல் முறையில் சிலருக்குக் குழு ஓவிய சிகிச்சை கிடைத்தது. 2012இல் வந்த முடிவு: கூடுதல் பலன் இல்லை. பலர் வகுப்புப் பக்கமே சரியாக வரவில்லை. பின்லாந்தில் 2011இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி. மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையோடு சிகிச்சையாளருக்கு எதிரே உட்கார்ந்து தட்டுக்கருவியும் ஜெம்பே மேளமும் வாசித்தார்கள். நோயாளி தட்டத் தட்ட, அதற்கேற்ப சிகிச்சையாளரும் தட்டுகிறார். திருத்தம் வாராவாரம் அல்ல, நொடிக்கு நொடி! வாசித்ததைத் திரும்பப் போட்டுக் கேட்டுப் பேசவும் செய்தார்கள். மூன்று மாதத்தில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நல்ல முன்னேற்றம். ஆறாவது மாதத்தில் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மொத்தமே 79 பேரிடம் நடந்த ஆய்வு.

ஆகவே வாசகரே, பேச்சோ படமோ பாட்டோ, விடாமல் போகத் தோன்றுவது எதுவோ அதில் சேருங்கள். ‘சரியான வழியில் போகிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள், சரிப்படாவிட்டால் என்ன மாற்றுவீர்கள்?’ என்று முதல் நாளே கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் வேறு ஆளைப் பாருங்கள். யாரிடம் போவதென்றே தெரியவில்லையா? மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.