பழைய லேண்ட்ரோவருக்கு மாற்று எஞ்சின்: வீட்டிலேயே செய்வோர் கவனத்திற்கு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் 1971-இல் அறிமுகமான சீரிஸ் 3 ரக லேண்ட்ரோவர்கள் இன்னமும் மூட்டை சுமக்கின்றன. உடல் அலுமினியம் என்பதால் நிலைத்து நிற்கிறது. 2,286 சிசி எஞ்சின்தான் முதலில் ஓய்கிறது. ஆனால் அடிச்சட்டம் இரும்பு. மாற்று எஞ்சினுக்குப் பணம் கட்டுமுன் அதைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது நல்லது.

எஞ்சினை முன்புறமாகத் தூக்கலாம். கியர்பாக்ஸை எடுக்க, தரைத் தகடுகளையும் இருக்கைப் பெட்டியையும் கழற்ற வேண்டும். செயின் பிளாக் தொங்கும் உத்தரம் பாரம் தாங்குமா? ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

வேறு ரக எஞ்சின் என்றால் அடாப்டர் தகடு தேவை. கியர்பாக்ஸும் மாறி அதன் நீளம் கூடினால், பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் குறைத்து முன்னதை நீட்ட வேண்டும். இரண்டையும் சேர்க்கும்போது ஷாஃப்ட் தானாக நுழைய வேண்டும். போல்ட்டை இறுக்கி இழுத்தால் கிளட்ச் தட்டு வளைந்துவிடும்.

எஞ்சின் எண் மாறுவதால், முன்கூட்டியே ஜேபிஜே அனுமதி பெற்று, வாகனப் பரிசோதனையும் முடித்து, கிராண்டைத் திருத்த வேண்டும். எஞ்சின் வாங்கிய ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். புது எஞ்சின் வேகம் தரும். ரிங்லெட்டிலிருந்து தாப்பா இறங்கும்போது வண்டியைப் பிடிப்பது அதே பழைய டிரம் பிரேக்தான்.