கணவாயில் ஏன் மூச்சு முட்டுகிறது?

ஒன்பதாம் வகுப்பில் நில வரைபடப் பயிற்சி. இமயமலைக் கணவாய்களைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "சார், கணவாய்ன்னா மலைக்கு நடுவுல இருக்கிற தாழ்வான இடம்னு சொன்னீங்க. அப்புறம் ஏன் சார் அங்க போறவங்களுக்கு மூச்சு முட்டுதுன்னு நியூஸ்ல சொல்றாங்க?" என்று கேட்டாள்.

அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் பள்ளி பொள்ளாச்சிப் பக்கம். எங்கள் பிள்ளைகளுக்குக் கணவாய் என்றால் பாலக்காட்டுக் கணவாய்தான். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான திறப்பு. அதன் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர்தான். ரயில் அதைக் கடப்பதே தெரியாது. அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு லடாக்கைப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

கரும்பலகையில் ஒரு குதிரைச் சேணம் வரைந்தேன். முன்னும் பின்னும் எழும்பி, நடுவில் தாழ்ந்திருக்கும் அல்லவா? மலைமுகடு நெடுகப் பார்த்தால் கணவாய்தான் தாழ்ந்த இடம். ஆனால் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகிறவனுக்கு அவன் பாதையிலேயே அதுதான் உயர்ந்த இடம். மணாலி - லே சாலையில் உள்ள பாரா லாச்சா லா சுமார் 4,890 மீட்டர், டாங்லாங் லா சுமார் 5,330 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதைப் போல் இரண்டு மடங்கு உயரத்தில் இருப்பதைத்தான் நாம் 'தாழ்வான இடம்' என்று சொல்லிக்கொடுக்கிறோம். ('லா' என்றாலே அந்தப் பகுதி மொழியில் கணவாய். 'பாரா லாச்சா லா கணவாய்' என்பது நம்மூர் 'நடு சென்டர்' மாதிரிதான்.)

உருவத்தை விளக்கிவிட்டேன். மூச்சு ஏன் முட்டுகிறது என்பதை விளக்க, நான் இருமுறை அங்கே போய்வந்த கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. முதல்முறை நடந்து போனேன், இரண்டாம் முறை பைக்கில்.

முதல்முறை, காலாண்டு விடுமுறையோடு சில நாள் விடுப்பும் சேர்த்து மணாலி போனேன். அங்கிருந்து ஹம்ப்டா கணவாய்க்கு ஒரு குழுவோடு நடை. மணாலி 2,050 மீட்டர். அங்கே ஓர் இரவு. அடுத்த இரவு சுமார் 3,100 மீட்டரில், அதற்கடுத்து 3,600 மீட்டரில். மூன்றாம் நாள்தான் 4,270 மீட்டர் உயரக் கணவாயைக் கடந்து, அன்று மாலையே 3,900 மீட்டருக்கு இறங்கிக் கூடாரம். லேசான தலைபாரம் இருந்தது, அவ்வளவுதான். எனக்கு அன்று வியப்பளித்தது வேறு. ஏறிவந்த குல்லு பக்கம் மரமும் புல்லுமாகப் பசுமை. கணவாயின் விளிம்பில் நின்று மறுபக்கம் பார்த்தால் லாஹௌல், வெறும் பாறையும் மண்ணும். மழை மறைவுப் பிரதேசம் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்ததை ஒரே இடத்தில் நின்று, தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். மேலே தண்ணீரைக் குடித்து முடித்த பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடிப் பையில் போட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்த ஆண்டு எங்கள் பள்ளிக் கணித ஆசிரியரும் சேர்ந்துகொண்டார். இருவருக்கும் சேர்த்து ஒரு பழைய கார்புரேட்டர் பைக்கை வாடகைக்கு எடுத்து லே வரை போவதாகத் திட்டம். திட்டம் போட்டவன் நான். விடுப்பு குறைவு, ஆகவே முதல் நாளே மணாலியிலிருந்து சர்ச்சு போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். முன்பெல்லாம் 3,978 மீட்டர் ரோஹ்தாங் கணவாயைச் சுற்றிக் கடக்கவே பாதி நாள் போய்விடும். பலரும் கேலாங்கில் தங்கிவிடுவார்கள். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வந்தபின் அந்த நேரம் மிச்சம். மிச்சமான நேரத்தை நான் உயரம் ஏறுவதற்குச் செலவழித்தேன்.

பாரா லாச்சாவை நெருங்கும்போது வண்டி இழுக்கவில்லை. கார்புரேட்டர் வழக்கமான அளவுக்குப் பெட்ரோல் விடுகிறது, காற்றுதான் போதவில்லை. கரும்புகை தள்ளியது. பின்னால் இருந்தவர் இரண்டு இடங்களில் இறங்கி நடந்தார். மேலே நின்று, சந்திரா நதி ஒருபுறமும் பாகா நதி மறுபுறமும் பிறந்து, சுற்றிவந்து தாண்டியில் சேர்ந்து செனாப் ஆவதை அவருக்கு உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பதில் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

சர்ச்சு சுமார் 4,290 மீட்டர். இரவு எட்டு மணிக்குத் தலைவலி என்றார். சாப்பிடவில்லை, இருமுறை வாந்தி. ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்ட வைத்து நடக்கச் சொன்னேன், நடந்தார். அதிகாலை மூன்று மணிக்கு மறுபடி நடக்கச் சொன்னபோது கால் கோட்டை விட்டு விலகியது. கூடாரக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கீழே கொண்டு போங்கள், காத்திருக்காதீர்கள்" என்றார். தடுமாற்றம் வந்துவிட்டால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து.

கீழே என்றால் எங்கே? சர்ச்சு இரண்டு பக்கமும் கணவாய்களுக்கு நடுவே இருக்கிறது. லே பக்கம் போனால் 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்கள். திரும்பினால் மறுபடி பாரா லாச்சா. இறங்குவதற்கு முதலில் 600 மீட்டர் ஏற வேண்டும். வரைபடத்தில் அந்த இடத்தை எத்தனையோ முறை தொட்டுக் காட்டியிருக்கிறேன், இப்படி ஒரு பொறி அங்கே இருப்பது தோன்றியதே இல்லை. கூடாரத்தில் இருந்த ஆக்சிஜன் உருளையோடு, காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் பிக்கப் வண்டியில் அவரை ஏற்றினோம். கணவாயில் நிற்கவே இல்லை. கேலாங் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே, "சார், டீ கிடைக்குங்களா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனி விளக்கத்துக்கு வருகிறேன். உயரத்தில் ஆக்சிஜனின் சதவீதம் குறைகிறது என்று நம்மில் பலர் சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அது தவறு. சர்ச்சுவிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதமே. குறைவது காற்றழுத்தம். அங்கே அது கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம், டாங்லாங் லாவில் பாதிக்குச் சற்று மேல். ஒரே அளவு மூச்சில் உள்ளே வரும் மூலக்கூறுகள் குறைந்துவிடுகின்றன. அதே காரணத்தால்தான் சர்ச்சுவில் தண்ணீர் ஏறக்குறைய 86 டிகிரியிலேயே கொதிக்கிறது, குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது.

உடம்பு இதைச் சமாளிக்கும், ஆனால் நாள் கேட்கும். மூச்சு வேகமாகிறது, அதனால் இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, அதைச் சிறுநீரகம் சில நாட்களில் சரிசெய்கிறது. அதனால்தான் 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் தங்குங்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட, இரவு எங்கே தூங்கினோம் என்பதே முக்கியம். ஹம்ப்டாவில் என் கால்களே என்னை மெதுவாகக் கூட்டிப்போயின. பைக்கில் ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டோம். நண்பர் என்னைவிட வலுவானவர், தினமும் ஓடுகிறவர். அது உதவவில்லை.

ஊட்டிக்குச் சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இந்தத் தொல்லை பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான். பேருந்தில் பிள்ளைகள் வாந்தி எடுப்பது கொண்டை ஊசி வளைவுகளால்.

வகுப்பில் அந்தப் பாட்டிலைக் காட்டினேன். கணவாயில் மூடியது, பொள்ளாச்சிக்கு வந்தபோது யாரோ கையால் நசுக்கியதுபோல ஒடுங்கிக் கிடந்தது. நம் ஊர்க் காற்றுதான் அதை நசுக்கியது. பிறகு வரைபடத்தாளில் இரண்டு கோடுகள் போடச் சொன்னேன்: கிடைமட்டத்தில் நாள், செங்குத்தில் அன்று தூங்கிய உயரம். ஹம்ப்டா கோடு படிக்கட்டு மாதிரி வந்தது. சர்ச்சு கோட்டுக்கு இரண்டே புள்ளிகள். கேள்வி கேட்ட அதே மாணவி அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, கேலாங்கில் ஓர் இரவு, பக்கத்திலேயே இன்னோர் இரவு என்று நடுவில் புள்ளிகள் வைத்தாள். "ரெண்டு நாள் லீவு கூட போட்டிருக்கணும் சார்" என்றாள். கணித ஆசிரியர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.