புலனாகா எழுத்துக்களும் பெயர்ப் பதிவும்

எழுத்து எனின் கண்ணாற் காணப்படும் வடிவம் என்பதே பொதுவான எண்ணம். ஆயின், கணினியிற் சேமிக்கப்படும் பனுவலில் கண்ணுக்குப் புலனாகாத எழுத்துக்களும் உள. அவற்றின் இயல்பையும், தமிழும் சிங்களமும் ஒருங்கே வழங்கும் கொழும்பு நகரின் ஆவணங்களில் அவை விளைக்கக்கூடிய சிக்கலையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏட்டுச் சுவடிகளிற் சொற்களுக்கிடையே வெளி விடும் வழக்கம் இருக்கவில்லை. நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில் நிலைபெறச் செய்தோருள் ஆறுமுக நாவலர் (1822–1879) முதன்மையானவர். ஈய அச்சில் இடைவெளி என்பது வெறுமையன்று. எழுத்தினும் உயரங் குறைந்த ஓர் உலோகத் துண்டு. மை படாமையால் அது தாளிற் தோன்றாது. ஆயினும் அச்சுக்கோப்பாளரின் விரலுக்குத் தட்டுப்படும்.

கணினியிலும் இடைவெளி ஓர் எழுத்தே. ஒருங்குறியில் அதன் எண் 32. வரி முறியாது காக்கும் இடைவெளியின் எண் 160. அகலமற்ற இடைவெளி 8203. இணைப்பைத் தடுக்கும் குறி 8204. இணைக்கும் குறி 8205. முதலிரண்டும் திரையில் ஒன்றுபோலத் தோன்றும். ஏனைய மூன்றும் தாமாகத் தோன்றமாட்டா. இணையப் பக்கங்களிலிருந்து படியெடுத்து ஒட்டும்போது இவை உடன்வந்து தங்கிவிடுவதுண்டு.

சொற்செயலிகளில் இவற்றை வெளிப்படுத்தும் வசதி உண்டு. இடைவெளி நடுப்புள்ளியாகவும், தத்தல் அம்புக்குறியாகவும், பந்தி முடிவு தனிக் குறியாகவும் தோன்றும். நிரல் எழுதுவோரின் தொகுப்பிகள் சில, அகலமற்ற குறிகளையும் பெட்டியிட்டுக் காட்டும்.

இவ்வசதியின் இன்றியமையாமை பெயர்ப் பட்டியல்களிலேயே நன்கு விளங்கும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் ஒருவரின் பெயர் 160ஆம் எண் இடைவெளியுடன் பதியப்பட்டதாகக் கொள்வோம். 32ஆம் எண் இடைவெளியுடன் அலுவலர் தேடுவாராயின், இவ்விரண்டையும் வேறெனக் கொள்ளும் செயலி "இல்லை" என்றே விடை தரும். இயந்திரத்தின் "இல்லை" நிர்வாகத்தின் "இல்லை" ஆகிவிடும். பதிவுபெற்ற குடிமகன் பதிவற்றவனாவான்.

அவ்வாறாயின் புலனாகாதவை அனைத்தையும் நீக்கிவிடலாமே எனின், அதுவும் பொருந்தாது. நாட்டின் பெயரிலுள்ள "ஸ்ரீ" என்பதைச் சிங்களத்தில் உரிய கூட்டெழுத்தாக எழுத, இணைக்கும் குறி இன்றியமையாதது. தமிழுக்கெனத் துப்புரவு செய்யும் நிரலொன்று அதனை நீக்கின், சிங்களச் சொல் சிதையும். ஒரு மொழிக்குக் குப்பையாவது மற்றைய மொழிக்கு உறுப்பாகின்றது.

தமிழ் "ஸ்ரீ"யின் சிக்கல் வேறுவகையானது. 3000ஆம் எண்ணுடைய "ஸ" கொண்டு அது எழுதப்பட்டு வந்தது. 2998ஆம் எண்ணுடைய "ஶ" 2005ஆம் ஆண்டு ஒருங்குறியிற் சேர்க்கப்பட்டபின், அதனைக் கொண்டும் எழுதப்படுகின்றது. வடிவம் ஒன்றே, எண்கள் வேறு. ஸ்ரீதரன் என்னும் பெயர் இருவகையாகப் பதியப்படலாம். இடைவெளிகளைக் காட்டும் வசதி இங்கு உதவாது; எண்களையே ஒப்புநோக்குதல் வேண்டும்.

எனவே, மொழிதோறும் எவ்வெக்குறி வேண்டும், எது வேண்டாம் என வரையறுத்து, பதியும்போதும் தேடும்போதும் அவ்வொரே விதியைக் கைக்கொள்வதே தக்க வழியாகும். இது பொறியியலாளர்க்கு மட்டும் உரிய பணியன்று. மொழியறிஞரும் நூலகரும் பங்குகொள்ள வேண்டிய பணியாகும். சட்டம் வழங்கும் மொழியுரிமை, பதிவேட்டின் எண்களிலும் காக்கப்பட்டாலன்றி முழுமை பெறாது.