காட்சியைச் சுட்டும் அயற்சாவி (ஜாங்கோ)

தரவுத்தளத்தில் வியூ எனப்படும் காட்சி என்பது பெயரிட்டுச் சேமிக்கப்பட்ட வினவல் ஆகும். பார்வைக்கு அட்டவணை போன்றதாயினும் இதற்கெனத் தனித் தரவு இல்லை. ஆதலால் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் காட்சியைச் சுட்டும் அயற்சாவியை (ஃபாரின் கீ) ஏற்பதில்லை.

எடுத்துக்காட்டாக, சிங்காநல்லூர் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் பேருந்துகளை மட்டும் தரும் காட்சி ஒன்றை முன்பதிவு அட்டவணையுடன் இணைப்பதாகக் கொள்வோம். 2005 இல் வெளியான ஜாங்கோ சட்டகத்தில் இதற்கு வழியுண்டு. காட்சிக்கான மாதிரியில் 'மேனேஜ்டு' என்பதை 'ஃபால்ஸ்' என இட்டு, மதிப்புகள் மீளாத நெடுவரிசை ஒன்றை முதன்மைச் சாவியாக்க வேண்டும். முன்பதிவு மாதிரியின் அயற்சாவியில் 'டிபி_கன்ஸ்ட்ரெயின்ட்' என்பதும் 'ஃபால்ஸ்' ஆகவேண்டும். 'ஆன்_டெலீட்' என்பதற்கு 'டூ_நத்திங்' பொருந்தும்.

இவ்விணைப்பு பைத்தான் நிரலில் மட்டுமே வாழ்கிறது. தரவுத்தளம் அதனை அறியாது. பேருந்து வேறு நிலையத்துக்கு மாற்றப்பட்டால் காட்சியிலிருந்து ஓசையின்றி மறையும். பணம் செலுத்திய பயணியின் பதிவோ எஞ்சி நிற்கும். அப்பதிவின் வழியே பேருந்தைத் தேடும்போதுதான் பிழை வெளிப்படும். எனவே இத்தகைய இடங்களில் அயற்சாவி மூல அட்டவணையைச் சுட்டுவதே நன்று. காட்சியைப் படிப்பதற்கு மட்டும் கொள்ளலாம்.