குதிக்கும் குழந்தையை உட்காரச் சொல்லாதீர்கள்

ஆட்டிசம் உள்ள குழந்தை சோபாவிலிருந்து ஓயாமல் குதிக்கும். நின்ற இடத்திலேயே சுற்றும். கூடத்தில் சுவருக்குச் சுவர் ஓடும். “கொஞ்சம் சும்மா உட்காரேன்” என்று அலுத்துக்கொள்கிறோம். தனக்கு எந்த உடற்பயிற்சி பிடிக்கும் என்பதைத்தான் குழந்தை அப்படிக் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஏன் அவசியம்?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020இல் வெளியான அதன் வழிகாட்டுதல், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கும் இதையே பரிந்துரைக்கிறது.

ஆட்டிசம் உள்ள பலருக்கு இது எளிதில் வாய்ப்பதில்லை. கை கால் ஒருங்கிணைப்பில் தடுமாற்றம் இருக்கலாம். குழு விளையாட்டின் விதிகளும் விசில் சத்தமும் மிரட்டலாம். சில உணவுகளை மட்டுமே உண்ணும் பழக்கமும், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் தூண்டும் பசியும் சேர்ந்தால் எடை கூடும். உடலியக்கம் ஆட்டிசத்தைப் போக்கிவிடாது. ஆனால் எடை கட்டுப்படவும், நன்றாகத் தூங்கவும், பதற்றம் தணியவும் உதவும்.

குழந்தை தரும் குறிப்பு

காதின் உட்பகுதி சமநிலையை உணர்த்துகிறது. தசைகளும் மூட்டுகளும் உடல் எப்படி இருக்கிறது என்பதை உணர்த்துகின்றன. இந்த உணர்வுகள் சிலருக்கு அதிகம் தேவைப்படும். சிலருக்குக் கொஞ்சமே தாங்கும். அதைப் பார்த்து விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

குதிக்கப் பிடித்தால்: தரையில் விரித்த மெத்தை, சிறிய ட்ராம்போலின், பாண்டி ஆட்டம்.

சுற்றவும் ஆடவும் பிடித்தால்: ஊஞ்சல், தட்டாமாலை. ஊஞ்சலுக்குப் பயப்படும் குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம்; கால் தரையில் படும் உயரத்தில் தொடங்கலாம்.

தள்ளவும் இறுக்கவும் பிடித்தால்: செடிக்குத் தண்ணீர் சுமப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, கயிறு இழுப்பது.

ஓடப் பிடித்தால்: பூங்கா நடை, சைக்கிள், கடற்கரை மணலில் ஓட்டம்.

தண்ணீர்: ஈர்ப்பும் ஆபத்தும்

உடலைச் சுற்றி ஒரே சீராக அழுத்தும் தண்ணீர் பல குழந்தைகளை அமைதிப்படுத்துகிறது. ஆட்டிசம் உள்ள மும்பைச் சிறுமி ஜியா ராய், 2022 மார்ச் 20 அன்று தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். அப்போது அவருக்கு வயது 13. எடுத்துக்கொண்ட நேரம் 13 மணி 10 நிமிடம்.

எல்லாக் குழந்தைகளும் கடலைக் கடக்க வேண்டியதில்லை. ஆனால் நீச்சல் தெரிந்திருப்பது உயிர்ப் பாதுகாப்பு. யாருக்கும் தெரியாமல் வீட்டைவிட்டு வெளியேறும் குழந்தைகள் கிணறு, குளம், கால்வாய் பக்கம் போய்விடுவதுண்டு. நீச்சல் கற்ற பிறகும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். வலிப்பு உள்ள குழந்தையென்றால் மருத்துவரிடம் கேட்ட பிறகே தண்ணீரில் இறக்குங்கள்.

தொடங்கும் விதம்

ஐந்து நிமிடம் போதும். தினமும் ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன செய்யப்போகிறோம் என்பதைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுங்கள். வாயால் விளக்குவதைவிட நீங்களே குதித்துக் காட்டுவது பலன் தரும். “பத்து எண்ணியதும் முடிந்தது” என்பதுபோல முடிவும் தெளிவாக இருந்தால் அழுகை குறையும். உறுத்தும் காலணி, சட்டைக் காலரின் லேபிள், அதிரும் ஒலிபெருக்கி ஆகியவற்றை முன்கூட்டியே அகற்றிவிடுங்கள்.

முதலில் அம்மாவோ அப்பாவோ துணை. பழகிய பின் அண்ணன், அக்கா. அதன் பிறகே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். வெற்றி தோல்வி கணக்கு வேண்டாம். படிக்கவில்லை என்பதற்காக விளையாட்டை நிறுத்தித் தண்டிக்கவும் வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

தாகத்தையும் வலியையும் வாய்விட்டுச் சொல்லாத குழந்தைக்கு, இடையிடையே நீங்களாகவே தண்ணீர் கொடுங்கள். உச்சி வெயிலைத் தவிருங்கள். பிடித்த விளையாட்டைத் திடீரென மறுத்தால் அடம் என்று முடிவுகட்டாதீர்கள். பல்வலி, காதுவலி, கால் காயம் எதுவாகவும் இருக்கலாம். எப்போதும் நுனிக்காலில் நடந்தாலோ அடிக்கடி விழுந்தாலோ மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.

60 நிமிடத்தையும் ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை. காலையில் பத்து நிமிடக் குதியாட்டம், மாலையில் அரை மணி நேரம் பூங்கா, இரவு உணவுக்கு முன் ஒரு சுற்று நடை எனப் பிரித்துக்கொள்ளலாம். அந்த அளவை எட்டாத நாளிலும் ஆடிய கொஞ்ச நேரம் வீணில்லை. குழந்தை மறுநாளும் விரும்பி வரும்படி, அலுப்புத் தட்டும் முன்பே ஆட்டத்தை முடித்துவிடுங்கள்.