கொல்லைப்புறத்து மேடு பள்ளம்

எங்கள் வீட்டுக் கொல்லை இருபத்தைந்து அடி நீளம். துவைக்கிற கல், இரண்டு தென்னை, ஒரு முருங்கை, மதில் ஓரம் வாழை. பார்க்க லட்சணமாய்த்தான் இருக்கும், மழை வருகிற வரைக்கும்! ஊரோ காவிரிக் கரை. களிமண் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. பின்வாசற்படியை ஒட்டியே குளமாய் நிற்கும். தேங்கின தண்ணீரில் கொசு முட்டையிட்டுப் பறக்க ஏழெட்டு நாள் போதுமே!

2022 ஐப்பசியில் என் மாமியார் துணி உலர்த்தப் போனவர், பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. "நீ என்னடி செய்வே, தரை அப்படி" என்று அவர் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

முதலில் ஓர் ஆளைக் கூப்பிட்டோம். இடித்த வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து பள்ளத்தில் கொட்டி, மேலே மண்ணைத் தூவிவிட்டுக் கூலி வாங்கிப் போனார். அடுத்த மழைக்கே பொதுக்கென்று உள்ளே போய்விட்டது. அதிலிருந்த மரத்துண்டுகளில் கரையான் வேறு. அத்தனையையும் அள்ளி வெளியே போட வேண்டியதாயிற்று.

அப்புறம்தான், தெருவில் வேலை செய்த ஒரு கொத்தனாரிடம் டியூப் மட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நம்மாலும் முடிகிற காரியந்தான். முப்பது அடி கண்ணாடிக் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வீட்டுச் சுவரிலும் மறு முனையை மதிலிலும் பிடிக்க வேண்டும். தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அங்கே சாக்கட்டியால் கோடு போட்டு, கோட்டிலிருந்து தரை வரை அளந்தேன். வீட்டுப் பக்கம் 36 அங்குலம், மதில் பக்கம் 33. மதிலோரம் மூன்று அங்குலம் மேடு! தண்ணீர் வீட்டைப் பார்த்து ஓடி வராமல் என்ன செய்யும்?

தரை பலகை மாதிரி ஒரே சமமாக இருக்கக் கூடாது. பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக வேண்டும். எங்களுக்கு மொத்தம் ஐந்து அங்குலம். மதிலோரம் நாலு அங்குலம் வெட்டி இந்தப் பக்கம் நாலு போட்டால் கணக்கு சரி. குப்பை எடுத்த குழிக்கு மட்டும் ஒரு சின்ன வண்டி செம்மண் வாங்கினோம்.

வேலையை 2023 சித்திரையில் வைத்துக்கொண்டோம். மழையில் களிமண்ணைத் தொட்டால் சேறுதான். புல்லைச் செதுக்கி, கறுப்பான மேல்மண்ணைத் தனியே குவித்துவிடுங்கள், செடிக்கு அதுதான் சோறு. முளை அடித்து நூல் கட்டி, அரையடி அரையடியாக மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். ஒரு பிடி மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், கையில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் தட்டினால் பழைய கதைதான். கடைசியில் மேல்மண்ணைப் பரப்பிவிடலாம்.

இரண்டு இடத்தில் ஜாக்கிரதை. வீட்டுத் தரை மட்டத்துக்கு அரையடி கீழேயே மண் நிற்கட்டும், ஏறினால் சுவரில் ஓதம் காக்கும். முருங்கை அடிமரத்தை ஒட்டி மண்ணைக் குவிக்காதீர்கள், பட்டை அழுகிவிடும். நாங்கள் அதைச் சுற்றி ஒரு முழம் விட்டுச் செங்கல் அடுக்கினோம்.

மதிலோரம் வழிகிற தண்ணீரை அண்டை வீட்டுக்குத் தள்ளிவிடலாமா? எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் யோசனை சொன்னார்! நான் வாழைப் பாத்திக்கு ஒரு வாய்க்கால் இழுத்துவிட்டேன்.

அந்த வருஷ ஐப்பசி மழையில் ஒரே மூலையில் மட்டும் தாம்பாளத்தளவு ஈரம் நின்றது. அங்கே சேப்பங்கிழங்கு ஊன்றியிருக்கிறேன். மாமியார் துவைக்கிற கல்லுக்குத் தனியாகவே போய் வருகிறார்.