5 சதவீதமும் 90 நாளும்

அமெரிக்காவில் இறங்கும் பருத்திப் பின்னல் டி-சர்ட்டுக்கு வழக்கமான இறக்குமதி வரி 16.5 சதவீதம், 4 டாலர் சட்டைக்கு 66 சென்ட். இந்தியப் பொருட்கள் மீது 2025 ஆகஸ்ட் 7-இல் 25 சதவீதமும் ஆகஸ்ட் 27-இல் இன்னொரு 25 சதவீதமும் கூடியபின் மொத்தம் 66.5 சதவீதம், அதே சட்டைக்கு 2 டாலர் 66 சென்ட் ஆனது. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதம்தான். அவர்கள் சட்டைக்கு 1 டாலர் 46 சென்ட். அங்கே போய் இறங்கும் விலை சமமாக வேண்டுமானால் திருப்பூர் சட்டை 3 டாலர் 28 சென்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 18 சதவீதக் குறைப்பு.

இதில் ஒரு பங்கு ஜாப் ஒர்க் தையல் யூனிட் வரை வந்து சேரும்: "பீசுக்கு அஞ்சு பர்சென்ட் குறைச்சுக்குங்க." கணக்குக்காக, மாதம் 5,00,000 ரூபாய்க்கு பில் போடும் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். பீஸ் ரேட் கூலி, தையல் நூல், மின்சாரம் 3,90,000 ரூபாய். வாடகை, மெஷின் தவணை, சூப்பர்வைசர் சம்பளம் 70,000. மிச்சம் 40,000, அதாவது 8 சதவீதம். 5 சதவீதம் குறைத்தால் போவது 25,000, நிற்பது 15,000. ரேட்டில் 5 சதவீதம் என்பது லாபத்தில் 62.5 சதவீதம். பழைய 40,000-ஐ எட்ட, 1,000 பீஸ் தைத்த இடத்தில் 1,294 பீஸ் தைக்க வேண்டும். ஆர்டர் சுருங்கும் மாதத்தில் அந்த 294 பீஸ் எங்கிருந்து வரும்?

செலவுப் பக்கமும் நின்ற இடத்தில் இல்லை. தமிழ்நாட்டு மின்கட்டண உயர்வு 2023 ஜூலையில் 2.18, 2024-இல் 4.83, 2025-இல் 3.16 சதவீதம். மூன்றும் முழுதாக விழுந்த இணைப்புக்குக் கூட்டு உயர்வு 10.5 சதவீதம்.

ரேட்டைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பணம் வரும் நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திருப்பூரில் கூலி சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. 90 நாளில் பணமாகும் பில்லுக்கு முன்னால் 12 அல்லது 13 சனிக்கிழமைகள் நிற்கின்றன. மேற்படி யூனிட்டின் 3 மாதச் செலவு 13,80,000 ரூபாய் வெளியே கிடக்கும். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்குப் புரட்டினால் மாதம் 27,600. வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீதத்தில் கிடைத்தால் 13,800. பணம் வரும் முன்பே கட்ட வேண்டிய ஜிஎஸ்டியை இதில் சேர்க்கவில்லை. ரேட் குறைப்பு எடுத்தது 25,000. காத்திருப்பு, முதல் வகையில், அதைவிட 2,600 கூடுதலாக எடுக்கிறது.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாள். இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் 3 மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. 2023 பிப்ரவரியின் 6.75 சதவீதத்தில் அது 20.25, 2025 ஜூனின் 5.75-இல் 17.25. ஒரு 5,00,000 ரூபாய் பில் 45 நாள் தாமதமானால், பின்னதன்படி ஏறத்தாழ 10,800 ரூபாய். கேட்கலாம். கேட்டவருக்கு அடுத்த லாட் வருமா என்பது சட்டத்தில் இல்லை.

வருமான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 43பி(எச்)) கேட்காமலே வேலை செய்வது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டி நிலுவை வைத்தால், கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். 25.168 சதவீத வரி கட்டும் கம்பெனிக்கு 5,00,000 ரூபாய் நிலுவையின் சுமை, அந்த ஆண்டுக்கு, 1,25,840 ரூபாய். ஆனால் மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் ஒன்றுமில்லை. ஜூன் மாத பில்லை டிசம்பர் வரை இழுத்தாலும் இந்தப் பிரிவு தொடாது.

இனி, 5 சதவீதம் குறைக்கச் சொன்னவரிடம் "30 நாளில் கொடுத்தால் 2 சதவீதம்" என்று சொல்லிப் பார்க்கலாம். விட்டுக்கொடுப்பது 10,000 ரூபாய். வெளியே கிடப்பது 13,80,000-இலிருந்து 4,60,000 ஆகும், விடுபடுவது 9,20,000. வங்கிக் கடன்காரருக்கு மிச்சமாகும் வட்டி 9,200, ஆக மாதம் 800 ரூபாய் நட்டம். 2 வட்டிக்கு வாங்கியவருக்கு மிச்சம் 18,400. தள்ளுபடி போகக் கையில் 8,400.